காயம் இறங்கும் இடம்

எங்கள் ஊர்த் தட்டு கம்பெனியில் ஒருவர் தப்புச் செய்தால் இன்னொருவருக்கு விரல் போவது எந்த வருஷம் தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள். ஆனால் முதல் விரல் மாரப்பண்ணனுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. புதுசாகச் சேர்ந்த ஒருத்தன் எவர்சில்வர் தகட்டை டை என்கிற அச்சில் வைத்துவிட்டு, கையை எடுப்பதற்கு முன்பே பெடலை மிதித்துவிட்டான், தட்டு அடிக்கும் பிரஸ் இறங்கியது, நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம், திறந்து பார்த்தால் அவன் கை ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக இருந்தது, ஷெட்டின் அந்தக் கோடியில் டீ குடித்துக்கொண்டிருந்த மாரப்பண்ணனின் டம்ளருக்குள் அவருடைய சுண்டுவிரல் கிடந்தது. மாரப்பண்ணன் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "எவன்டா அது? என்ற ஆளா?" என்று மட்டும் கேட்டார். அவருடைய ஆள்தான்.

எங்கள் கம்பெனி வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புதுசாக யார் சேர்ந்தாலும் அவர்களுக்குப் பழைய ஆள் ஒருவர் பொறுப்பு. முதல் நாள் காலையில் பிரஸ்ஸுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பழைய ஆள் பின்னால் நின்று, புது ஆளின் கைமேல் தன் கையை வைத்து, இரண்டு பேருமாக முதல் தட்டை அடித்து எடுப்பார்கள், அன்றைக்கு மத்தியானம் அதே தட்டில் இரண்டு பேரும் சோறு போட்டுச் சாப்பிடுவார்கள், அதற்குப் பிறகு உனக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் சாகிறவரைக்கும் அந்த ஒரு பெயரைத்தான் சொல்ல வேண்டும். ஆரம்பிப்பதற்கு இவ்வளவு சடங்கு வைத்த நாங்கள், நீ கற்றுக்கொண்டாய், போதும், இனி உன் பாடு என்று சொல்லி முடிப்பதற்கு ஒன்றுமே வைக்கவில்லை. அந்த அளவுக்கு எங்களுக்கு யோசனை போகவில்லை.

அதனால் மாரப்பண்ணனுக்கு விரல் போனபோது நாங்கள் அதிகம் ஆச்சரியப்படவில்லை. பொறுப்பு என்றால் பின்னே என்ன என்று பேசிக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் எந்த மிஷினில் வேலை செய்தீர்கள் என்று கேட்டபோது டீ குடித்துக்கொண்டிருந்தேன் என்று மாரப்பண்ணன் உள்ளதைச் சொன்னார், டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தையல் போட்டு அனுப்பினார், அடுத்தடுத்து இதேபோல வந்தவர்களிடம் அவரும் கேட்பதை விட்டுவிட்டார். போகப் போக அதன் நடைமுறையும் எங்களுக்குப் பிடிபட்டது. ஒருவரின் தப்பால் வரும் காயம் அவருக்குப் பொறுப்பானவரிடம் போகும், அவருக்கும் மேலே பொறுப்பானவர் இருந்தால் அவரிடம் ஏறும், அப்படியே ஏறி ஏறிப் போய், மேலே ஆள் இல்லாத இடத்தில் இறங்கிவிடும். ஷெட்டின் வாசற்படியை மட்டும் அது தாண்டாது.

வாசற்படி சங்கதியை எங்களுக்கு முன்னால் கண்டுபிடித்தவர் மேனேஜர் சிவசண்முகம். கண்டுபிடித்த அன்றைக்கே தன் நாற்காலியையும் மேஜையையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார், அன்றிலிருந்து எங்களிடம் மைக்கில்தான் பேசினார். புது ஆட்களுக்குக் கை போவதே இல்லை என்பதால் அவர்கள் பயமில்லாமல் வேகமாகத் தட்டு அடித்தார்கள். வேகத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று பிரஸ்ஸுக்கு முன்னால் இருந்த கம்பித் தடுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். நாங்களும் சும்மா இருக்கவில்லை. பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளைக்குக் கீழே எத்தனை பேர் என்று விசாரித்தார்கள், பிள்ளையை வேலைக்குச் சேர்க்க வந்த அப்பன்மார்கள் மேலே நாலு அடுக்காவது இருக்கிற வரிசையில் சேர்த்துவிடச் சொல்லிக் கெஞ்சினார்கள், மாரியம்மன் கோயில் பூசாரி தங்களுக்குக் கீழே ஆள் உள்ளவர்களுக்கென்று தனியாக ஒரு கறுப்புக் கயிறு மந்திரித்துக் கட்டினார், ஒன்றுக்கும் ஆகாத கயிறு என்று தெரிந்தும் எல்லோரும் கட்டிக்கொண்டோம்.

மாரப்பண்ணன் கடைசியில் விரலே இல்லாத இரண்டு உள்ளங்கைகளோடு ஷெட்டின் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். யார் மீதும் கோபித்துக்கொண்டதாக ஞாபகம் இல்லை, பிரஸ் இறங்கும் சத்தம் கேட்கிறபோதெல்லாம் தோளை மட்டும் லேசாகக் குறுக்கிக்கொள்வார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார். அவரிடம் நேராகக் கற்றுக்கொண்டவர்களுக்கு அதற்குப் பிறகு மேலே ஆள் இல்லை. அப்படி நின்றவர்களில் ஒருத்தி மேகலா.

மேகலாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தட்டு அடிப்பதில் அவளுக்கு இணையாக எங்களில் யாரும் இல்லை, ஆனால் வாய் என்று ஒன்று இருப்பதே தெரியாத பெண். தாய் படுத்த படுக்கை, அவளைத் தூக்கிக் குளிப்பாட்டி உட்கார வைக்க மேகலாவின் கைகளை விட்டால் அந்த வீட்டில் வேறு கை கிடையாது. அவளிடம்தான் பழனாத்தாளைப் பொறுப்பாக விட்டார்கள்.

பழனாத்தாள் ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவர், எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் இருபது வருஷமாக ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர், கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் இலவச வைத்தியத்துக்குக் கம்பெனிக் கார்டு தேவைப்பட்டதால் வேலைக்கு வந்தவர். மேகலாவின் சடங்குக்குத் தாவணி ஜாக்கெட் தைத்துப் போட்டுவிட்டவரே அவர்தான். அப்படிப்பட்டவரின் கைமேல் கைவைத்து முதல் தட்டு அடித்தபோது மேகலா கூச்சத்தில் நெளிந்தாள், பழனாத்தாளோ, "நான் உன்ற கைக்குள்ள வந்துட்டனாட்ட இருக்குது அம்மணி" என்று சிரித்தார்.

எங்களுக்கெல்லாம் அப்போதே தெரிந்தது இது சரிப்பட்டு வராது என்று. வயதில் பெரியவர், அதுவும் அளவெடுத்துத் தைத்துப் போட்ட மனுஷி, அவரை நாலு பேர் முன்னால் எப்படித் திட்டுவது? பழனாத்தாள் தகட்டை வைப்பார், கையை எடுப்பதற்குள் கால் மிதித்துவிடும், ஒவ்வொரு தடவையும் மயிரிழையில் தப்பும், மேகலா பார்த்தும் பார்க்காததுபோல் நிற்பாள், மத்தியானச் சாப்பாட்டில் யாரும் இல்லாதபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அக்கா, கொஞ்சம் கையை மட்டும் பார்த்துக்குங்க்கா" என்பாள். அதற்குள் பழனாத்தாளுக்கு எந்தத் தட்டு, எந்தக் கை என்பதே மறந்திருக்கும். "சரி சாமி, பார்த்துக்கறேன்" என்பார்.

ஆவணியில் மேகலாவின் இடதுகை மோதிரவிரல் போனது. தாய்க்குக் கஞ்சி ஆற்றிக் கொடுப்பதற்காக மத்தியானம் வீட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் ஷெட்டுக்குள் கால் வைத்திருந்தாள். பழனாத்தாள் கதறிக்கொண்டு ஓடிவந்து அவள் காலில் விழுந்தார். அதற்குப் பிறகு பழனாத்தாள் அவளைப் பார்த்துக்கொண்ட மாதிரி பெற்ற மகளைக்கூட யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்: காலையில் வந்து படுக்கையில் கிடந்த தாய்க்குத் தலை வாரிவிட்டார், நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தார், மேகலாவின் துணியைத் துவைத்தார், நினைத்து நினைத்து அழுதார். அவர் அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு பிரஸ்ஸில் போய் நின்றால் கால் பழையபடியே மிதித்தது. அழுகிறவர்கள் திருந்திவிட்டார்கள் என்று நாங்கள்தான் நம்பினோம், காலுக்கு அந்த அழுகை போய்ச் சேரவே இல்லை. புரட்டாசியில் மேகலாவுக்கு நடுவிரலும் போனது.

இன்னும் ஒரு விரல் போனால் அவளால் தாயைத் தூக்க முடியாது. அதைத் தெருவே பேசியது, அவளுக்கும் தெரியும், பழனாத்தாளுக்கும் தெரியும்.

வழியைக் கண்டுபிடித்தவர் பழனாத்தாள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேகலாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தையல் மிஷின் முன்னால் உட்கார வைத்தார்.

"நீ எனக்குச் சொல்லிக்குடுத்தே, அதனால என்ற காயம் உன்மேல வருது. நான் உனக்கு ஒண்ணு சொல்லிக்குடுத்துட்டா? அப்ப நானும் உனக்குப் பொறுப்புத்தானே அம்மணி?"

"வந்தா உங்க மேலயே திரும்பி வந்துருமேக்கா."

"வரட்டுமே. உன்ற விரலைப் பார்க்கறதுக்கு அது எவ்வளவோ தேவலை."

மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். பின்னால் நின்று, குறைப்பட்ட அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துத் துணியைத் தள்ளினார். "கையும் காலும் சேர்ந்து போகோணும் அம்மணி. கை தள்ளத் தள்ளக் கால் மிதிக்கோணும். கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு போனா நூல் சிக்கிக்கும்" என்றார்.

மேகலாவுக்கு அந்த நிமிஷம் விளங்கிவிட்டது. இருபது வருஷமாகக் கையும் காலும் சேர்ந்தே போய்ப் பழகிய உடம்பு, பிரஸ்ஸிலும் அப்படியே போகிறது. கை வெளியே வந்த பிறகுதான் கால் மிதிக்க வேண்டும் என்பது அந்த உடம்புக்கு யாரும் சொல்லாத சேதி, கையைப் பாருங்கள் கையைப் பாருங்கள் என்று இத்தனை நாள் அவள் சொன்னதெல்லாம் வீண், பார்க்க வேண்டியது காலை. சொல்வதற்கு வாயைத் திறந்தாள். பழனாத்தாள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார், அடுப்பில் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது, பெரியவருடைய மிஷினில் உட்கார்ந்துகொண்டு அவர் தப்பை அவரிடமே எடுத்துச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "சரிங்க்கா" என்று துணியைத் தள்ளினாள்.

அடுத்த வாரமே அது நடந்தது. பழனாத்தாளின் கால் மிதித்தது, பிரஸ் கைமேல் இறங்கியது, மேகலா பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள், திறந்து பார்த்தால் இரண்டு பேரின் கைகளும் இருந்தபடியே இருந்தன. நாங்கள் பிரஸ்களை நிறுத்திவிட்டுக் கைதட்டினோம். காயம் இவளிடமிருந்து அவரிடம், அவரிடமிருந்து இவளிடம் என்று இறங்க இடமில்லாமல் சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோயிருக்கும் என்று நாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்தோம்.

அதற்குப் பிறகு ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் எதையாவது சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். கீழே இருந்தவர்கள் மேலே இருந்தவர்களுக்குப் பரோட்டா வீசக் கற்றுக்கொடுத்தார்கள், கிணற்றில் இறக்கி நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள், சைக்கிள், தாயம், கோலம், ஒன்றுமே தெரியாத ஒருத்தன் தன் பொறுப்பண்ணனுக்கு விசில் அடிக்கக் கற்றுக்கொடுத்தான். தீபாவளி நெருங்கியபோது எங்கள் தெருவைப்போலச் சந்தோஷமான தெரு வேறு இருந்திருக்காது. பொறுப்பு என்பது இப்படி இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் என்று மேனேஜர் மைக்கில் ஒரு பேச்சுப் பேசினார், எல்லோருக்கும் இனிப்புப் பெட்டி கொடுத்தார், டார்கெட்டையும் கூட்டினார். அந்தச் சந்தோஷத்தில் காலைப் பற்றிய சேதி மேகலாவின் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. விரல்தான் போகவில்லையே, சொல்ல என்ன அவசரம்.

மினதியைப் பற்றி இதுவரை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை என்பதால்தான். ஒடிசாக்காரி, புருஷன் பக்கத்துக் கட்டட வேலையில் இருந்தான், அவள் ஷெட்டின் பின்பக்கம் பேக்கிங்கில் தரையில் உட்கார்ந்து தட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மிஷின் இல்லாத வேலைக்குப் பொறுப்பு எதற்கு என்று அவளை யாரிடமும் விடவில்லை, முதல் தட்டும் அடிக்கவில்லை, எங்களோடு உட்கார்ந்து அவள் சாப்பிட்டதும் இல்லை. ஐப்பசி முடிவதற்குள் அவளுக்கு விரல்கள் உதிரத் தொடங்கின.

வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு அப்படி ஒரு வியாதி உண்டு என்று முதலில் ஒருவர் சொன்னார். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று இன்னொருவர் சொன்னார். பேப்பர் மையில் என்னவோ கலக்கிறார்கள் என்று சொன்னவர்கூட உண்டு, அவர் அன்றைக்கே தன் வீட்டில் பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டார். யாரும் அதற்குமேல் யோசிக்கவில்லை. நான் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே யோசிக்கவில்லை, யோசித்தால் எங்கே போய் நிற்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரிந்திருந்தது.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் பழனாத்தாளின் கால் மறுபடியும் முந்திக்கொண்டது. மேகலா பழக்கத்தில் கண்ணை மூடினாள். கை இருந்தது. ஆனால் பின்பக்கம் தட்டுகள் கலகலவென்று சரியும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். மினதி அழவில்லை, ரத்தம் வழிகிற கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பேப்பர்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள். "கத்தி எங்கே?"

மேகலா தன் முந்தானையைக் கிழித்து அந்தக் கையைக் கட்டினாள். கட்டிக்கொண்டிருந்தபோதே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேலே ஆள் இல்லாத இடத்தில் இறங்கும். எங்கள் இத்தனை பேரின் காயத்துக்கும் அந்த ஷெட்டில் மிச்சமிருந்த ஒரே இடம் இவள்தான்.

அவள் எங்களிடம் வந்து சொன்னாள். பிரஸ்களை நிறுத்தச் சொன்னாள். வாயே இல்லாத பெண் அவ்வளவு பேசியதை அன்றைக்குத்தான் கேட்டோம். நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

கடைசியில் விசில் கற்றுக்கொண்ட அந்தப் பொறுப்பண்ணன்தான், "தெரிஞ்சு என்ன பண்றதுங் அம்மணி? என்ற காயம் என்மேலயே திரும்பி வந்தா என்ற குடும்பத்தை அந்தப் புள்ளையா பார்க்கும்?" என்றார். முற்றத்திலிருந்து மைக் வேலை நேரத்தில் என்ன கூட்டம் என்று கேட்டது. பிரஸ்கள் ஓடத் தொடங்கின.

மேகலாவுக்கு இரண்டே வழிதான் இருந்தது. மினதியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால் ஷெட்டில் ஆள் இல்லாதவர் என்று யாரும் இருக்க மாட்டார்கள், அப்போது இறங்க இடமில்லாத காயம் கிளம்பிய இடத்துக்கே திரும்பித் தப்புச் செய்தவர் கையிலேயே இறங்கும், அப்படி முதலில் போகப்போவது பழனாத்தாளின் கை. எடுத்துக்கொள்ளாவிட்டால் மினதியிடம் மிச்சமிருப்பதும் போகும். அன்றைக்கு மாலையே அவள் பழனாத்தாளிடம் போய்க் காலைப் பற்றிச் சொன்னாள். தையல் மிஷின் பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் காரணம், கை வெளியே வந்து இடுப்பைத் தொட்ட பிறகுதான் கால் அசைய வேண்டும் என்றாள்.

பழனாத்தாள் வாயில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தார். "இத்தனைதானா? ஏஞ்சாமி, இதைச் சொல்றதுக்கா இத்தனை தயங்கினே?"

"பழகணும்க்கா. நாளெல்லாம் வெறும் மிஷின்ல பழகணும்."

"பழகிக்கறேன். நீ அந்தப் புள்ளையைப் பாரு. பார்க்கவே வயிறு எரியுது."

கேட்டுக்கொள்வது ஒரு நாள் வேலை, பழகுவது அப்படியில்லை. டார்கெட் கூடியிருந்தது, வெறும் மிஷினில் பழக மேனேஜர் விடவில்லை, ஓடுகிற பிரஸ்ஸிலேயே பழனாத்தாள் உதட்டை அசைத்துச் சொல்லிச் சொல்லி வேலை செய்தார்: கை, இடுப்பு, கால். சொல்லும்வரை கால் கேட்டது. பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கால் தன் பழைய வழிக்குப் போய்விட்டது. அந்த வாரத்தில் பழனாத்தாளாலும் எங்களாலும் மினதிக்கு இன்னும் இரண்டு விரல்கள் போயின. அவள் பல்லால் பேப்பரைப் பிடித்துக்கொண்டு தட்டைச் சுற்றியதை மேகலா பார்த்தாள். அதற்குமேல் அவளால் தள்ளிப்போட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, எல்லோரும் இருக்கும்போது, மேகலா மினதியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தன் பிரஸ்ஸின் முன்னால் நிறுத்தினாள். என்னவோ தண்டனை கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்த மினதி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள், அவளுக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் தீர்ந்துபோய் அவள் பாஷையில் கெஞ்சினாள். மேகலா தன் இடதுகையை நீட்டிக் காட்டினாள், விரல்கள் இல்லாத இடத்தைக் காட்டினாள், பிறகு எட்டி, மினதி மறைத்த கையில் விரல்கள் இல்லாத இடத்தைத் தொட்டாள். மினதி கையை முன்னால் கொண்டுவந்தாள். சந்தனம் வைக்க யாரும் முன்வரவில்லை, பழனாத்தாள்தான் எடுத்துவந்து வைத்தார், தன் கையை வெட்டத் தானே கத்தி எடுத்துக் கொடுப்பதற்குச் சமம் அது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. முதல் தட்டு விழுந்தது. மத்தியானம் அவர்கள் இருவரும் அந்தத் தட்டில் தயிர்சாதம் போட்டுச் சாப்பிட்டதை நாங்கள் எங்கள் டப்பாக்களைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று சாயங்காலமே அது தொடங்கிவிட்டது. ஷிப்ட் முடிகிற நேரம், மைக் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது, பழனாத்தாள் உதட்டசைவை நிறுத்திவிட்டு யார் என்று தலையைத் திருப்பினார், கையும் காலும் இருபது வருஷமாகப் பழகியபடி சேர்ந்து போயின. இந்தத் தடவை யாரும் கண்ணை மூடவில்லை. மணிக்கட்டுக்குக் கீழே அவருக்கு வலதுகை இல்லை. சத்தம் போடாமல், இது யாருடையது என்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அடுத்த வாரம் முழுக்க ஷெட்டில் ஒவ்வொருவராக விழுந்தோம். அடிபடாமலே தேர்ந்தவர்கள் நாங்கள், எங்கே கையை எடுக்க வேண்டும் என்று எங்கள் கைகளுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வலியென்றால் என்ன என்று முதல்முறையாகத் தெரிந்து பெரியவர்கள் குழந்தைகள்போலக் கதறினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் தெருவே படுத்திருந்தது. டாக்டர் மறுபடியும் எந்த மிஷின் என்று கேட்கத் தொடங்கினார்.

மேனேஜர் கம்பித் தடுப்புக்கு ஆர்டர் கொடுத்திருப்பதாக மைக்கில் சொன்னார், தடுப்பு வரும்வரை வேலை நிற்காது என்றும் சொன்னார். மினதி முதல் தட்டு அடித்துவிட்டதால் அவளுக்கு இனி பேக்கிங் இல்லை, திங்கட்கிழமையிலிருந்து பழனாத்தாளின் பிரஸ்ஸில் நிற்கட்டும் என்றும் சொன்னார்.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, மேகலா ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அடுத்த கட்டிலில் நான் என் கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்ததால் அவர்கள் பேசியது முழுவதும் எனக்குக் கேட்டது. ஒரு பழத்தை உரித்து நார் எடுத்துச் சுளை சுளையாக அவர் வாயில் கொடுத்தாள். பழனாத்தாள் மென்றுகொண்டே மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மணி, ஒண்ணு கேட்கறேன். கால் சங்கதி உனக்கு எப்பத் தெரியும்?"

மேகலா சுளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லியிருக்கலாம், நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"நீங்க எனக்குத் தைக்கச் சொல்லிக்குடுத்த அன்னைக்கேங்க்கா."

பழனாத்தாள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப ஏன் சொல்லலை?"

"உங்க காயம் என்மேல விழுந்த வரைக்கும் எனக்குத் தெரியலைங்க்கா," என்றாள் மேகலா. "தெரிஞ்சப்போ அது என்மேல விழலை."

பழனாத்தாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கிக் குலுங்கி அடங்கியது, மேகலா தொட வந்த கையைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று ஆயா வந்து விரட்டினாள். மேகலா பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போய்விட்டாள்.

"இந்தா, நில்லு," என்றார் பழனாத்தாள் திரும்பாமலே. "நாளைக்கு அந்தப் புள்ளை என்ற மிஷின்ல நிக்குமாமே. அதுக்கு என்ன பழக்கம்னு பக்கத்துலயே நின்னு பாரு. பார்த்த நிமிஷமே சொல்லிப்போடு. நாலு பேர் இருந்தாலும் கத்திச் சொல்லு. அழுதாலும் பரவாயில்லை, சொல்லிப்போடு."

"சரிங்க்கா" என்று சொல்லிவிட்டு மேகலா படியிறங்கிப் போனாள்.